3 டிபி டிஸ்க் 746 ஜிபி என்று காட்டினால்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்க வருகிறவர்களுக்கும் புரியட்டும். ஸ்டூடியோவில் ஒரு பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர். அதில் 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று பல வருஷமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது. கல்யாண வீடியோ, ஆல்பம் என்று சேர்ந்து இடம் போதாமல் புதிதாக 3 டிபி டிஸ்க் வாங்கி உள்ளே மாட்டியிருக்கிறீர்கள். டிஸ்க் மேனேஜ்மென்டில் அது 746.52 ஜிபி என்று வருகிறது. தெரிந்தவர் ஒருவர் "லேபிள் மாற்றி ஒட்டின டூப்ளிகேட், கடையில் திருப்பிக் கொடுத்துவிடு" என்கிறார், இன்னொருவர் "ஃபார்மேட் அடி, சரியாகிவிடும்" என்கிறார். எதைச் செய்வது?

இரண்டையும் செய்யாதீர்கள். டிஸ்க் அசல்தான், ஃபார்மேட் அடித்தாலும் அந்த எண் ஒரு ஜிபி கூட ஏறப்போவதில்லை. கோளாறு அந்தக் கம்ப்யூட்டரின் ஸ்டோரேஜ் டிரைவரில் (டிஸ்க்கோடு பேசுவதற்கென்று விண்டோஸுக்குள் இருக்கும் சிறு மென்பொருள்) இருக்கிறது. கம்ப்யூட்டரைப் பார்க்காமலே இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறேன் என்றால், 746.52 என்ற எண்ணே காட்டிக்கொடுக்கிறது. டூப்ளிகேட் போடுகிறவன் 320, 500 என்று ஏதாவது பழைய டிஸ்க்கை எடுத்து லேபிள் ஒட்டுவான், அது அந்தந்தப் பழைய அளவைக் காட்டும். 746.52 வரும் அளவில் டிஸ்க் விற்று நான் பார்த்ததில்லை.

கணக்கைப் பாருங்கள். 3 டிபி என்று விற்கிற டிஸ்க்கில் டேட்டா எழுதுகிற சின்னக் கட்டங்கள், அதாவது 512 பைட் செக்டர்கள், 586 கோடியே 5 லட்சத்து 33 ஆயிரத்து 168 இருக்கும் (தயாரிப்பாளர்கள் ஒரு பொதுச் சூத்திரத்தைப் பின்பற்றுவதால் எந்தக் கம்பெனியை எடுத்தாலும் அநேகமாக இதே எண்தான்). ஒரு 32 பிட் இடத்துக்குள், அதாவது 0, 1 மட்டும் கொண்ட 32 இலக்கங்களுக்குள், எழுத முடிகிற எண்களோ மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் மீதி 156 கோடியே 55 லட்சத்து 65 ஆயிரத்து 872. அதை 512-ஆல் பெருக்கி, விண்டோஸ் கணக்கிடுகிற மாதிரி மூன்று தடவை 1024-ஆல் வகுத்தால், 746.52. தசமம் உட்படப் பொருந்துகிறது. அதாவது டிஸ்க் தன் முழு அளவையும் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டு எழுதிக்கொண்ட டிரைவர் 32 பிட் பெட்டியில் எழுதிக்கொண்டது. பழைய பைக் மீட்டர் 99999-ஐத் தாண்டியதும் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஓடுமே, அப்படிச் சுற்றி வந்து நின்ற எண்தான் உங்கள் திரையில் இருப்பது.

இதே கணக்கில் 4 டிபி டிஸ்க் 1678 ஜிபி என்று வரும். 6 டிபி போட்டால் மீட்டர் இரண்டு முறை சுற்றிவிடும், 1493 தான் காட்டும். பெரிய டிஸ்க் சின்னதை விடக் குறைவாகத் தெரிகிற வேடிக்கை இது. உங்கள் பழைய 2 டிபி ஏன் சரியாக வந்தது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது: அதில் இருப்பது 390 கோடிச் சில்லறை செக்டர், 429 கோடியைத் தொடவே இல்லை. பழையது சரியாக வருகிறது, புதியது தப்பாக வருகிறது, ஆகவே புதியது டூப்ளிகேட் என்று நினைப்பது இயல்புதான், ஆனால் இங்கே அந்த வாதம் செல்லாது.

இனி யார் குற்றவாளி என்று பார்ப்போம். டிஸ்க்குக்கும் திரைக்கும் நடுவே பல கை மாறுகிறது: டிஸ்க்கின் ஃபர்ம்வேர் (டிஸ்க்குக்குள்ளேயே பதிந்திருக்கும் புரோகிராம்), அது சொருகியிருக்கும் கண்ட்ரோலர் சிப், அந்தக் கண்ட்ரோலரிடம் பேசும் டிரைவர், அதற்கு மேலே விண்டோஸ். விண்டோஸ் 7-க்கு 3 டிபி ஒரு பிரச்சினையே இல்லை, அதோடு வருகிற மைக்ரோசாஃப்ட்டின் சொந்த ஏஎச்சிஐ (சாட்டா டிஸ்க்குகளோடு பேசும் பொது முறை) டிரைவரும் இதைச் சரியாகப் படிக்கும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், மதர்போர்டு சிடியிலிருந்தோ கம்ப்யூட்டர் விற்றவர் போட்டுக்கொடுத்த விண்டோஸிலோ இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி என்ற டிரைவர் (அதற்கு முந்தைய பெயர் மேட்ரிக்ஸ் ஸ்டோரேஜ்) ஏறியிருக்கும். அதன் 10.1-க்கு முந்தைய பதிப்புகளுக்கு 2.2 டிபிக்கு மேல் எண்ணத் தெரியாது. அந்தப் பதிப்புகள் எழுதப்பட்ட நாளில் அவ்வளவு பெரிய டிஸ்க் கடைக்கே வரவில்லை, அதனால் யாரும் கவலைப்படவில்லை. சோம்பேறித்தனம் என்று திட்டலாம்தான், ஆனால் 1990-களிலிருந்து 504 எம்பி, 8.4 ஜிபி, 33.8 ஜிபி, 137 ஜிபி என்று டிஸ்க் அளவுக்கு இருந்த ஒவ்வொரு சுவரிலும் முட்டி முட்டி எழுந்த துறை, அதே தப்பை இன்னொரு முறை செய்தது என்றால் கொஞ்சம் திட்டத்தான் தோன்றுகிறது.

சோதிப்பது சுலபம். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ஐடிஇ ஏடிஏ கண்ட்ரோலர்கள் என்ற பகுதியில் இருக்கும் சாட்டா கண்ட்ரோலர் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர் என்ற தாவல். டிரைவர் டீட்டெய்ல்ஸ் பொத்தானை அழுத்தினால் ஃபைல் பெயர் வரும். 'ஐஏஸ்டோர்' என்று தொடங்கினால் இன்டெல் டிரைவர், 'எம்எஸ்ஏஎச்சிஐ' என்றால் மைக்ரோசாஃப்ட்டுடையது. இன்டெல் என்றால் பதிப்பு எண்ணைப் பாருங்கள், 8 அல்லது 9 என்று ஆரம்பித்தால் மேற்கொண்டு தேட வேண்டியதில்லை. உங்கள் சிப்செட்டுக்குக் கிடைக்கிற புதிய பதிப்பைப் போடுங்கள். கிடைக்கவில்லை என்றால் அப்டேட் டிரைவர் வழியாகப் போய், நானே பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கிறேன் என்பதைச் சொடுக்கி, 'ஸ்டாண்டர்ட் ஏஎச்சிஐ 1.0' என்பதைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்தாலே போதும். டிஸ்க்கைத் தொடவே வேண்டாம், எண் தானாக 2794.52 ஆகிவிடும். ஒன்றில் மட்டும் கவனம்: பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டின் புரோகிராம்) கண்ட்ரோலர் ரெய்டு என்ற நிலையில் வைக்கப்பட்டு, இரண்டு டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டுகிற கம்ப்யூட்டராக இருந்தால் மைக்ரோசாஃப்ட் டிரைவருக்கு மாற்றாதீர்கள். பயாஸுக்குள் போய் அந்த நிலையை மாற்றிப் பார்ப்போமே என்ற ஆசையும் வேண்டாம், விண்டோஸ் பூட் ஆகாமல் நீலத் திரையில் போய் நிற்கும்.

2794 தானே வருகிறது, 3000 எங்கே என்று அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். அது யாருடைய தப்பும் இல்லை. தயாரிப்பாளர் 1000-ஆல் வகுக்கிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுத்துவிட்டு அதற்கும் ஜிபி என்றே பெயர் வைக்கிறது. ஆப்பிள் 2009-ல் ஸ்னோ லெப்பர்டு வந்தபோது 1000 கணக்குக்கு மாறிக்கொண்டது, லினக்ஸில் செயலிக்குச் செயலி மாறும். அதனால் எங்கே பார்த்தாலும் ஜிபியை விட்டுவிட்டு மொத்த பைட் எண்ணிக்கையைப் பாருங்கள். உங்கள் டிஸ்க்குக்கு அது 3,000,592,982,016 ஆக இருக்க வேண்டும்.

இன்னொரு காட்சியை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் அதிலும் அதே 746.52 வரும். டிஸ்க் மேனேஜ்மென்டில் கீழே ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு பட்டை இருக்கும், இடது ஓரத்தில் சாம்பல் நிறக் கட்டத்தில் மொத்த அளவு எழுதியிருக்கும். அந்தக் கட்டத்திலேயே 746.52 என்றிருந்தால் மேலே சொன்ன டிரைவர் கோளாறு. கட்டத்தில் 2794.52 என்று சரியாக இருந்து, வலப்பக்கப் பட்டை மட்டும் 2048 ஜிபி, 746.52 ஜிபி என்று இரண்டாகப் பிரிந்து, இரண்டாவது துண்டின் மேல் ரைட் கிளிக் செய்தால் எதுவும் செய்ய முடியாமல் மங்கலாக இருந்தால், டிரைவர் உத்தமன். டிஸ்க்கை எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அட்டவணை முறையில் இனிஷியலைஸ் செய்திருக்கிறீர்கள் (புது டிஸ்க்கில் முதல் தடவை அந்த அட்டவணையைப் போடுவதுதான் இனிஷியலைஸ்). எம்பிஆர் அட்டவணையிலும் செக்டர் எண்ணுக்கு 32 பிட்தான் இடம். ஜிபிடி என்ற புதிய அட்டவணை முறைக்கு மாற்றினால் தீர்ந்தது (மாற்றும்போது பார்ட்டிஷன்கள் எல்லாம் போகும், காலியான டிஸ்க்கில்தான் செய்ய வேண்டும்). டேட்டா வைக்க மட்டும் என்றால் விண்டோஸ் 7-க்கு ஜிபிடி போதும். அதிலிருந்து விண்டோஸையே பூட் செய்ய வேண்டுமென்றால் யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வாரிசு) உள்ள மதர்போர்டு வேண்டும். எக்ஸ்பியின் 32 பிட் பதிப்புக்கு ஜிபிடி புரியவே புரியாது.

சரி, இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். இடம் குறைவாகக் காட்டுவதைப் பார்த்துத்தான் எல்லோரும் பதறுகிறார்கள். என்னைக் கேட்டால், குறைவாகக் காட்டுகிற டிரைவர் பாதி நல்லவன். டிஸ்க் 746 ஜிபியில் முடிந்துவிட்டது என்று அதுவே நம்புவதால் அந்தக் கோட்டைத் தாண்டி எழுதாது. இரண்டு டிபி வீணாகக் கிடக்கும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது வேறு நிலைமைக்கு: பார்ட்டிஷன் அட்டவணையில் முழு அளவு பதிந்திருக்கிறது, ஆனால் எழுதச் சொல்லும் கட்டளையில் செக்டர் எண்ணைப் போடும் இடம் போதவில்லை. அப்போது 2.2 டிபியைத் தாண்டி எழுத வேண்டிய ஃபைல், சுற்றி வந்து டிஸ்க்கின் தொடக்கத்தில் எழுதப்படும். தொடக்கத்தில் என்ன இருக்கிறது? பார்ட்டிஷன் அட்டவணை, ஃபைல் சிஸ்டத்தின் ஆரம்பப் பகுதிகள், நீங்கள் முதன்முதலில் காப்பி செய்த ஃபைல்கள். எந்த எர்ரரும் வராது, காப்பி 100 சதவீதம் முடிந்தது என்றே காட்டும், அடுத்த முறை ஆன் செய்யும்போது "டிஸ்க்கை ஃபார்மேட் செய்யட்டுமா?" என்று விண்டோஸ் கேட்கும்.

இது கற்பனையில்லை, 137 ஜிபி காலத்தில் நடந்ததுதான். ஏடிஏ (கம்ப்யூட்டருக்குள் மாட்டும் டிஸ்க்குகளின் இணைப்பு முறை) டிஸ்க்குகளில் அப்போது செக்டர் எண்ணுக்கு 28 பிட் இடம், அதாவது 26 கோடியே 84 லட்சம் செக்டர், 137 ஜிபிச் சொச்சம். ஏடிஏ-6 தரத்தில் அதை 48 பிட்டாக ஆக்கினார்கள். டிஸ்க் தயார், பயாஸும் தயார், ஆனால் முதலில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி தயாராக இல்லை, 2002-ல் சர்வீஸ் பேக் 1 வந்த பிறகுதான் சரியானது. விண்டோஸ் 2000-க்கு சர்வீஸ் பேக் 3 போட்ட பிறகும் ரெஜிஸ்ட்ரியில் 'எனேபிள்பிக்எல்பிஏ' என்ற மதிப்பை 1 என்று கையால் சேர்க்க வேண்டும். 160 ஜிபி டிஸ்க்கை ஒழுங்காகப் பார்ட்டிஷன் போட்டு நிரப்பி வைத்திருந்த ஒருவர், பழைய எக்ஸ்பி சிடியை வைத்து அதன் மேல் விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்தால் என்ன ஆகும்? டிரைவருக்குத் தெரிந்தது 137, பார்ட்டிஷன் சொல்வது 160. கோட்டைத் தாண்டிய எழுத்தெல்லாம் முன்னால் போய் விழும். டேட்டா கெட்டுப்போகலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே எச்சரிக்கை எழுதி வைத்திருந்தது. இதோடு ஒப்பிட்டால் விண்டோஸ் 98-ன் எஃப்டிஸ்க் செய்தது வெறும் கோமாளித்தனம்: 64 ஜிபியைத் தாண்டினால் மொத்தத்தில் 64-ஐக் கழித்துவிட்டுக் காட்டும், 70 ஜிபி டிஸ்க் 6 ஜிபியாகத் தெரியும்.

அதனால்தான் "ஃபார்மேட் அடி" என்ற யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் டிஸ்க் காலி என்பதால் நஷ்டம் எதுவும் இல்லை, சரிதான். ஆனால் இதே டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் நிரப்பிக் கொண்டுவந்து பழைய டிரைவர் இருக்கும் கம்ப்யூட்டரில் சொருகினால், அதற்கு ஜிபிடி அட்டவணையின் பின்பிரதி (டிஸ்க்கின் கடைசியில் வைக்கும் காப்பி) இருக்கும் கடைசிச் செக்டர்கள் எட்டாது, டிஸ்க் காலியாகவோ 'ரா' (ஃபைல் சிஸ்டம் இல்லாதது) என்றோ தெரியும், இனிஷியலைஸ் செய்யட்டுமா என்று பணிவாக ஒரு பெட்டி வரும். அதில் ஓகே கொடுத்தவர்கள்தான் ரெக்கவரி கடைகளுக்குப் படியளக்கிறார்கள். எண் தப்பாகத் தெரிகிற வரை கேன்சல் மட்டும்தான் உங்கள் பொத்தான்.

யுஎஸ்பி வழியாக மாட்டுகிறவர்களுக்குக் கதை கொஞ்சம் மாறும். அங்கே டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே கேசிங்கில் ஒரு பிரிட்ஜ் சிப் உட்கார்ந்திருக்கிறது. கம்ப்யூட்டர் அதனிடம் "உன் அளவு என்ன?" என்று ஸ்கஸி என்ற கட்டளை மொழியில் கேட்கும். இந்தக் கேள்விக்குப் பழைய வடிவம் ஒன்று, புதிய வடிவம் ஒன்று. பழையதில் பதிலுக்கு 32 பிட் இடம்தான். அதற்குள் அடங்காத டிஸ்க், எல்லா பிட்டையும் 1 ஆக வைத்துப் பதில் அனுப்ப வேண்டும், அதைப் பார்த்ததும் டிரைவர் புதிய வடிவில் மறுபடி கேட்கும். சரியாகச் செய்யப்பட்ட சிப் இப்படி நடந்துகொள்ளும். பழைய சிப்புக்கு இந்த மரியாதை தெரியாது, கீழ் 32 பிட்டை மட்டும் வெட்டிக் கொடுத்துவிடும். அப்போது விண்டோஸிலும் 746 தான், லினக்ஸிலும் அதுதான் (அங்கே 1000-ஆல் வகுக்கும் செயலியில் 801.57 என்று தெரியும், இரண்டும் ஒன்றே). எந்தக் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் அதே தப்பு வந்தால் டிரைவரை விட்டுவிட்டு கேசிங்கை மாற்றுங்கள்.

கேசிங்கில் இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. எக்ஸ்பியிலும் 3 டிபி வேலை செய்ய வேண்டும் என்பதற்காகச் சில பிரிட்ஜ் சிப்கள் டிஸ்க்கின் எட்டு செக்டர்களைச் சேர்த்து 4096 பைட் செக்டர் ஒன்றாகக் காட்டும். செக்டர் எண்ணிக்கை எட்டில் ஒன்றாகிவிடுவதால் எம்பிஆரிலேயே அடங்கிவிடும். நல்ல தந்திரம்தான், கேசிங் உயிரோடு இருக்கிற வரை. அது செத்து, டிஸ்க்கைக் கழற்றி நேரடியாக சாட்டா கேபிளில் மாட்டினால், பார்ட்டிஷன் அட்டவணையில் இருக்கும் எண்கள் எல்லாம் இப்போது 512 பைட் கணக்கில் படிக்கப்படும், டேட்டா முழுசாக உள்ளே இருந்தும் எதுவும் தெரியாது. வேண்டியது அதே போல மாற்றிக் காட்டும் இன்னொரு கேசிங், ரெக்கவரி இல்லை.

ஒரே ஒரு செக்டர் தப்பாகச் சொல்கிற சாதனங்களும் இருக்கின்றன. மேலே சொன்ன கட்டளைக்குப் பதிலாகக் கடைசிச் செக்டரின் எண்ணைத் தர வேண்டும், எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் தொடங்குவதால் அது மொத்தத்தை விட ஒன்று குறைவாக இருக்கும். இதைக் கவனிக்காமல் மொத்தத்தையே தந்துவிடுகிற சாதனங்கள், சில கேமராக்கள் உட்பட, உண்டு. இல்லாத அந்தக் கடைசிச் செக்டரைப் படிக்கப் போனதும் சாதனமே உறைந்துவிடலாம். லினக்ஸ் கெர்னலில் இப்படிப்பட்ட சாதனங்களுக்கென்றே ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள், அதில் இருந்தால் ஒன்றைக் கழித்துக்கொள்ளும். இன்னும் சிலவற்றுக்கு ஒரு குறுக்குவழி: வந்த எண்ணிக்கை ஒற்றைப்படையா, அப்படியானால் சாதனம் பொய் சொல்கிறது, ஒன்றைக் கழி. இவ்வளவுதான் அந்த மேதாவித்தனம், வேலையும் செய்கிறது.

கொஞ்சம் ஆழமாகப் பார்க்கிறவர்கள் விண்டோஸில் டபிள்யூஎம்ஐ (கம்ப்யூட்டர் விவரங்களைக் கேட்டறியும் வசதி) வழியாக அளவைக் கேட்டுவிட்டு 1 டிபி டிஸ்க்கில் 26 லட்சம் பைட் குறைகிறது என்று வருவார்கள். அந்தக் கேள்விக்குப் பதில், சிலிண்டர், ஹெட், டிராக் என்ற பழைய கணக்கில் பெருக்கித் தரப்படுகிறது, முழு சிலிண்டர் ஆகாத மிச்சம் விடுபட்டுப் போகிறது. டிஸ்க்கில் அது பத்திரமாகவே இருக்கிறது.

அதிகமாகக் காட்டுவதுதான் மோசடி. சாலையோரத்தில் சல்லிசாகக் கிடைக்கும் 2 டிபி பென்டிரைவ் அந்த ரகம். அங்கே டிரைவரும் விண்டோஸும் அப்பாவிகள், சாதனத்தின் ஃபர்ம்வேரே பொய்யான எண்ணைத் தருகிறது. எழுதிப் படித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. விண்டோஸில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ', லினக்ஸில் 'எஃப்3' என்ற கருவிகள் இதற்கென்றே இருக்கின்றன, முழு இடத்தையும் நிரப்பி, திரும்பப் படித்து, எழுதியதுதானா என்று ஒப்பிடும்.

உங்கள் டிஸ்க்குக்கும் அதைச் செய்யச் சொல்வேன், மோசடி சந்தேகத்தால் இல்லை, எழுத்து சுற்றி வந்து விழுகிறதா என்பதை அதே சோதனை பிடித்துவிடும் என்பதால். வரிசை இதுதான். முதலில் டிரைவரை மாற்றி ரீஸ்டார்ட். சாம்பல் கட்டத்தில் 2794.52 வந்ததா என்று பாருங்கள். வரவில்லை என்றால் உபுண்டு லைவ் பென்டிரைவ் ஒன்றில் பூட் செய்து, அதில் இருக்கும் டிஸ்க்ஸ் செயலியில் பைட் எண்ணிக்கையைப் பாருங்கள். அங்கே முழு அளவு தெரிந்தால் குற்றம் இன்னும் விண்டோஸ் பக்கம்தான். அங்கேயும் அதே 801.57 என்றால் சந்தேகம் கண்ட்ரோலர் மேல் போகிறது, டிஸ்க்கை வேறொரு புதிய கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் சரியாக வராவிட்டால்தான் கடைக்காரரிடம் போக வேண்டும். சரியாக வந்தால் ஜிபிடியாக இனிஷியலைஸ், ஒரே பார்ட்டிஷன், குயிக் ஃபார்மேட், அப்புறம் காலி டிஸ்க்கில் முழு நிரப்புச் சோதனை. சாட்டாவில் எழுதவும் படிக்கவும் சேர்த்துப் பதினாறு மணி நேரம் வரை ஆகலாம், யுஎஸ்பி 2.0 என்றால் இரண்டு நாளுக்கு மேல் இழுக்கும், எனவே சனிக்கிழமை ராத்திரி போட்டுவிட்டுப் போங்கள், யுபிஎஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு.

746 ஜிபியாக ஏற்கெனவே ஃபார்மேட் செய்து கொஞ்சம் வீடியோவும் ஏற்றிவிட்டீர்கள் என்றால் பதற வேண்டாம், அவை சரியாகவே எழுதப்பட்டிருக்கும். டிரைவரை மாற்றும் முன்பே அவற்றை வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுத்து, இரண்டொரு வீடியோவை ஓட்டியும் பார்த்துவிடுங்கள். மாற்றிய பிறகு அந்தப் பார்ட்டிஷனை நீட்டிக்கப் பார்க்காதீர்கள்: ஜிபிடியாகப் போட்டிருந்தால் பின்பிரதி இப்போது டிஸ்க்கின் நடுவே மாட்டிக்கொண்டிருக்கும், எம்பிஆராக இருந்தால் 2 டிபிக்கு மேல் நீளவே நீளாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஜிபிடி போட்டு, காப்பியைத் திரும்ப ஏற்றிக்கொள்ளுங்கள்.